துறை மாறலாமா பாஸ்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2015-ல் கமல் தன் குடும்பத்தைக் காப்பாற்றப் படாதபாடு பட்டாரே, அந்த பாபநாசம் இல்லை இது. அது பொதிகை மலை அடிவாரம், தாமிரபரணிக் கரை. நான் உங்களைக் கூப்பிடுவது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இருக்கிற பாபநாசத்துக்கு. இங்கே மலை கிடையாது, அருவி கிடையாது, செல்ஃபி பாயின்ட் கிடையாது. கேரம்போர்டு மாதிரி தட்டையான வயல்காடு. அட, சைக்கிளுக்கு அதுதானே வேணும்! வழியில் வரும் ஒரே மேடு ஆற்றுப் பாலம். ஏறினால் தண்ணீர், இறங்கினால் நெல்.

ப்ளஸ் ஒன்னில் கவர்மென்ட் கொடுத்த சைக்கிள் வீட்டுக் கொல்லையில் தூசி படிந்து நிற்குமே, அதைத் தூக்கி வெளியே போடுங்கள். டயருக்குக் காற்று, செயினுக்கு ரெண்டு சொட்டு ஆயில், பிரேக் கட்டை புதுசு. அவ்வளவுதான் பட்ஜெட். ஜனவரி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் இப்படித்தான் கிளம்பினோம். மெக்கானிக்கல் மூன்று, சிவில் ஒன்று, பி.காம். ஒன்று. ரூட்? அதை நாங்கள் போடவில்லை. பல நூறு வருஷத்துக்கு முன்னாலேயே போட்டு வைத்துவிட்டார்கள். அதுக்கு அப்புறம் வருகிறேன்.

துறைன்னா என்ன?

நம்ம செட்டுக்கு ‘துறை’ என்றால் என்ன ஞாபகம் வரும்? இயந்திரவியல் துறை, மின்னணுவியல் துறை, துறைத் தலைவர், அவர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும் ஓ.டி. ஃபார்ம்! டெல்டாவில் துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். குளிக்க, குடம் நிறைக்க, மாடு கழுவ, பரிசல் ஏற... எல்லாத்துக்கும் அங்கேதான் போகணும். பாபநாசத்துக் கோயில் இருக்கும் இடத்தின் பெயர் திருப்பாலைத்துறை. அய்யம்பேட்டைப் பக்கம் புள்ளமங்கைக் கோயிலின் பழைய பெயர் ஆலந்துறை. திருவையாற்றுக்குத் தெற்கே திருச்சோற்றுத்துறை. கிழக்கே போனால் ஆடுதுறை, திருவாவடுதுறை, மயிலாடுதுறை. ஒரு ஊர் தன் பெயரிலேயே படித்துறையைச் சேர்த்து வைத்திருக்கிறது என்றால், அந்த ஊரின் வாசல் எந்தப் பக்கம் என்று தெரிகிறதா?

பஸ்ஸில் போனால் இது தெரியவே தெரியாது. பஸ் ரோடு ஊரின் முதுகுப் பக்கம் போகிறது. செல்போன் கடை, ஃபேன்சி ஸ்டோர், ரெண்டு ஃபிளெக்ஸ் போர்டு, முடிந்தது ஊர். சைக்கிளைத் திருப்பி ஏதாவது ஒரு பழைய தெருவுக்குள் விடுங்கள். திண்ணை வைத்த வீடுகள், கோயில், அரசமரம்... தெரு முடிகிற இடத்தில் பொசுக்கென்று ஆறு! கருங்கல் படிகள் இறங்கிக்கொண்டே போகும். அதுதான் ஊரின் ஃப்ரன்ட் கேட். நாம்தான் இத்தனை வருஷமாகப் பின்பக்கமாகப் போய் வந்துகொண்டிருக்கிறோம்.

ஒன்பது லாரி நெல்

சவாரியைத் திருப்பாலைத்துறையில் ஆரம்பியுங்கள். பாலைவனநாதர் கோயிலில் ஒரு நெற்களஞ்சியம் நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். வட்டமாக எழும்பி மேலே போகப் போகக் கூம்பாக முடியும். உயரம் 36 அடி. தஞ்சாவூரை 1600-லிருந்து 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தது. இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கொள்ளளவு 3,000 கலம்.

கலம் எல்லாம் நமக்கு எங்கே தெரியும்? எங்கள் பாட்டி கணக்கில் 12 மரக்கால் ஒரு கலம், ரெண்டு கலம் ஒரு மூட்டை. மூட்டை சுமார் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1,500 மூட்டை, 90 டன். பத்து டன் லாரி ஒன்பது வேண்டும். அத்தனையும் ஒரே கூட்டுக்குள்! மேலே இருக்கிற திறப்பில் கொட்டுவது, கீழே இருக்கிற திறப்பில் எடுப்பது. மோட்டாரும் வேண்டாம், கன்வேயரும் வேண்டாம்.

எங்கள் சிவில் நண்பன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டான். அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நெல் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளாது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம் அடியில் இருக்கும். ஆனால் தானியம் சுவரோடு உரசிக்கொண்டு நிற்பதால் பாரத்தின் ஒரு பகுதியைச் சுவரே வாங்கிக்கொள்ளும். ஒரு ஆழத்துக்கு மேல் அடியில் அழுத்தம் பெரிதாகக் கூடாது. இதற்குக் கணக்கு எழுதியவர் யான்சன் என்ற ஜெர்மன் இன்ஜினீயர், 1895-ல். களஞ்சியம் வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மூலை இருந்தால்தானே விரிசல் அங்கே ஆரம்பிக்கும்? பாபநாசத்துக் கொத்தனார் யான்சனுக்கு 250 வருஷம் சீனியர் பாஸ்! ஃபார்முலா இல்லாமல் கட்டினார், நானூறு வருஷமாக நிற்கிறது. நம்ம ஹாஸ்டல் வாட்டர் டேங்க்கைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

வடக்கே, காவிரிக்கு

பாபநாசத்தைச் சுற்றிக் காவிரி, குடமுருட்டி, அரசலாறு, திருமலைராஜன் என்று ஆறுகள் பின்னிக் கிடக்கின்றன. கபிஸ்தலம் வரைக்கும் நாலு கிலோமீட்டர் சவாரிதான். ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி, “இது எந்த ஆறு?” என்று கேளுங்கள். ஊர்க்காரர்கள் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். காவிரியைத் தெரியாதா என்ற அந்தப் பார்வையும் டூரில் சேர்த்திதான்.

ஆறு இத்தனையாகப் பிரிவது முழுக்க இயற்கை கிடையாது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடப்படுகிறது. மிஞ்சுவது கொள்ளிடத்துக்கு. அப்புறம் ஒவ்வொரு ஆற்றிலும் தலைப்பு, மதகு, வாய்க்கால், கிளை வாய்க்கால். எந்த மதகை எத்தனை அடி தூக்குவது என்று கரையிலேயே திரிகிற ஊழியருக்கு இங்கே லஸ்கர் என்று பெயர். அவர் நடக்கிற கரைதான் உங்கள் சைக்கிள் டிராக். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கீழே வயல். கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற வண்டல் நிலத்துக்குப் படுகை என்று பேர். அதில் வாழையும் கொடிக்காலும்.

ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையில் பாஸாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை உண்டு. உலகம் பூரா ஆட்கள் வந்து ஓட்டுகிறார்கள். அதில் பல இடங்கள் அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்தபடி கயிற்றால் படகை இழுத்துப் போன பாதைதான். அவர்கள் போர்டு மாட்டினார்கள், வழியில் டீக்கடை வந்தது. நம்மிடமும் கரை இருக்கிறது, டீக்கடை ஏற்கெனவே இருக்கிறது. போர்டுதான் பாக்கி!

கபிஸ்தலத்தில் கஜேந்திர வரதப் பெருமாள் கோயிலை ஒரு எட்டு பார்த்துவிட்டு மேற்கே திரும்புங்கள். கிழக்கே போனாலும் தப்பில்லை. உமையாள்புரம் அந்தப் பக்கம்தான், மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனின் ஊர். இன்னும் தள்ளிப் போனால் சுவாமிமலை. காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வெண்கலச் சிலை வார்க்கிறார்கள். ஆனால் ஒரு நாளில் ரெண்டு பக்கமும் முடியாது. நாங்கள் மேற்கு.

திருவையாறு போகும் ரோடு காவிரியை ஒட்டியே ஓடுகிறது. வழியில் கணபதி அக்ரஹாரம். விநாயகர் சதுர்த்திக்கு நம்ம வீடுகளில் களிமண் பிள்ளையார் வாங்கி வைப்போம் இல்லையா? இந்த ஊரில் வீட்டில் வைப்பது வழக்கமில்லை. எல்லோரும் கோயிலுக்கே வந்து அங்கேதான் கும்பிடுகிறார்கள். அடுத்து திங்களூர். அப்பூதி அடிகள் கதை ஸ்கூலில் படித்திருப்பீர்கள். அப்பர் மேல் இருந்த அபிமானத்தில் பிள்ளைகளுக்கு மட்டுமா, தண்ணீர்ப் பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்று பேர் வைத்தாரே, அவர் ஊர். வெயிலில் சைக்கிள் மிதித்து நாக்கு வறண்டு போய் அந்த ஊருக்குள் நுழையும்போதுதான், ஒரு ஆள் ஏன் தண்ணீர்ப் பந்தலை அவ்வளவு பெரிய விஷயமாக நினைத்தார் என்று எனக்கு உறைத்தது. (பாட்டில் ஆளுக்கு ரெண்டு எடுத்துப் போங்க!)

கடைசிப் படி

இனி கொஞ்சம் சீரியஸ். ஒரு கிராமத்துப் படித்துறையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஊர்ப் பேர் வேண்டாம், ஏனென்றால் பல ஊர்களில் இதே கதைதான். படிகள் அருமையாக இருந்தன. கட்டிக்கொடுத்தவர் பெயர் வெட்டிய கல்கூட இருந்தது. ஆனால் கடைசிப் படி தண்ணீரைத் தொடவில்லை. படி முடிகிற இடத்திலிருந்து ஆற்று மணல் கீழே இருந்தது. சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். ஹேண்டில்பார் உயரம்! இறங்கணும்னா குதிக்கணும். ஒரு பாட்டி எப்படிக் குதிப்பார்? அதனால் அவர் வருவதில்லை. வீட்டு வாசலில் குழாய் இருக்கிறது.

ஆறு எப்படிக் கீழே போகும்? மணல் அள்ளினது ஒரு காரணம், அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று பற்றி அதிகம் பேசுவதில்லை. மணல் என்பது மேலேயிருந்து வெள்ளம் கொண்டு வருகிற சரக்கு. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. அதற்குப் பின்னால் காவிரியின் மேல்பகுதி மணலும் வண்டலும் அணைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வரவு குறைந்த அக்கவுன்ட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் பேலன்ஸ் என்ன ஆகும்? எங்கள் பி.காம். தோழிதான் இதை இப்படிச் சொன்னாள். நாலு இன்ஜினீயர்களும் கப்சிப்.

தண்ணீருக்கும் இப்போது காலண்டர்தான். குறுவைக்காக ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கணும், ஜனவரி 28-ல் மூடணும் என்பது வழக்கம். 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் திறக்கவே இல்லை. 2020-ல்தான் அந்த தேதி திரும்பி வந்தது. 2024-ல் மறுபடி தள்ளிப்போய் ஜூலை 28 ஆகிவிட்டது. 2025-ல் ஜூன் 12. தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று டைம்டேபிள். உங்கள் படித்துறைக்கு ‘ஃப்ரீ பீரியட்’ என்றால் அன்று வெறும் மணல்தான். ஆற்றோடு ஊர் பழகுவது இப்படித்தான் விட்டுப்போகிறது.

அதற்காக, அந்தக் காலம் போல் வருமா என்று கண்ணைக் கசக்கவும் நான் தயாரில்லை. இன்ன சாதிக்கு இன்ன துறை என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. மேல்பக்கத் துறை யாருக்கு, கீழ்பக்கத் துறை யாருக்கு என்று வயதானவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் கை காட்டுவார்கள். குழாய் வந்ததில் சிலருக்கு விடுதலையும் இருந்தது. இதையும் தெரிந்துகொண்டுதான் அந்தப் படிகளில் உட்காரணும்.

பல்லக்கு போட்ட ரூட்

திருவையாறு பற்றி நான் எழுதத் தேவையில்லை. தியாகராஜர் சமாதி, ஜனவரி ஆராதனை, எல்லாம் டி.வி.யிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தச் சமாதிக் கோயிலை எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தன் சொத்தையெல்லாம் இதற்கே செலவழித்த அவர், அன்றைக்குப் பெண்கள் பாட முடியாமல் இருந்த அந்த ஆராதனையில் பெண்களுக்கும் இடம் கேட்டுப் போராடியவர்.

பாலம் தாண்டித் தெற்கே கண்டியூர். அங்கிருந்து சோற்றுத்துறை. பேரைக் கேட்டதுமே பசிக்கிறதா? சுவாமி பேர் ஓதனவனேஸ்வரர். ஓதனம் என்றாலும் சோறுதான்!

முதலில் சொன்ன ரூட் மேட்டருக்கு வருகிறேன். சித்திரையில் திருவையாற்று சுவாமி பல்லக்கில் கிளம்பி ஏழு ஊர் சுற்றுவார். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று போய், திரும்பத் திருவையாறு. கோடையில் ஆறு காய்ந்து கிடக்கும், பல்லக்கு மணலில் இறங்கியே அக்கரை ஏறும். ஜனவரியில் போகிற நமக்குப் பாலம்தான் கதி. இதே மாதிரி அய்யம்பேட்டையைச் சுற்றி இன்னொரு ஏழூர் செட் உண்டு: சக்கராப்பள்ளி, அரியமங்கை, சூலமங்கலம், நல்லிச்சேரி, பசுபதிகோயில், தாழமங்கை, புள்ளமங்கை. தோளில் சுமந்து நடக்கிறவர்களின் வேகத்துக்கும் தூரத்துக்கும் பார்த்துப் பார்த்துப் போட்ட சுற்று இது. பைக்கில் போனால் ஊருக்கு ஊர் ரெண்டு நிமிஷம், ஒன்றுமே பதியாது. சைக்கிள் வேகம்தான் கரெக்ட்.

இந்த ஏழில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் புள்ளமங்கை. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். பெரிய கோயில் பிறப்பதற்கு முந்தின சோழர் வேலை. அண்ணாந்து பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, குனிந்து பாருங்கள். அடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்குக் குட்டிக் குட்டிச் சிற்பங்களில் ராமாயணம் ஓடுகிறது. கல்லில் செதுக்கின காமிக்ஸ்! கருவறையைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம். நாங்கள் அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். யாரும் டிக்கெட் கேட்கவில்லை, யாரும் ஃபோட்டோ எடுத்துத் தரவா என்று துரத்தவுமில்லை.

அப்புறம் பாபநாசம் நோக்கிக் கிழக்கே. பண்டாரவாடை, ராஜகிரி வரும். தெருவில் பாங்கு சத்தம் கேட்கும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போன குடும்பங்களின் மாடி வீடுகள் நிற்கும். ரோட்டை விட்டு இறங்கினால் கொடிக்கால். அகத்தி மரத்தில் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டியிருப்பார்கள், உள்ளே நுழைந்தால் ஏ.சி. ரூம் மாதிரி குளுமை. 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த வெற்றிலை இந்தப் பக்கத்துப் படுகைகளிலும்தான் விளைகிறது. கேட்காமல் உள்ளே போகாதீர்கள். கேட்டுப் போனால், நூறு இலை சேர்த்து ஒரு கவுளி அடுக்குகிற வேகத்தைப் பார்க்கலாம். நோட்டு எண்ணுகிற மெஷின் தோற்றது.

கிளம்பும் முன்...

முழுச் சுற்று ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வரும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் பாபநாசம் ஸ்டேஷன் வந்துவிடலாம். கோயில்கள் மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை சாத்தியிருக்கும். சின்னக் கோயில் என்றால் குருக்கள் வீட்டைக் கண்டுபிடித்துக் கூப்பிடணும். அதற்குத் தயங்காதீர்கள், மோர் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. பெண்கள் டீமுக்கு ஒரு பிராக்டிகல் விஷயம்: நடுவில் இருக்கிற கிராமங்களில் டாய்லெட் கஷ்டம். பாபநாசம், திருவையாறு மாதிரி ஊர்களை வைத்துப் பிளான் பண்ணுங்கள். எங்கள் தோழி காலையிலேயே இதைப் பேசி முடிவு பண்ணியதால்தான் நாள் ஒழுங்காகப் போனது. கூகுள் மேப்பை நம்பினால் அது உங்களை பஸ் ரோட்டுக்கே இழுத்துப் போகும். டீக்கடையில் கேளுங்கள். “எந்த ஊரு தம்பி?”யில் ஆரம்பித்து வழி சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும், பரவாயில்லை.

ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தால் மேலே ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது யாரோ ஒருத்தரின் ஆறு மாசம்.

இன்னொன்று, தயவுசெய்து! தெரியாத துறையில் குளிக்க இறங்காதீர்கள். மேலே சாதுவாக ஓடுகிற தண்ணீருக்குக் கீழே மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் ஒரே எட்டில் ஆள் மூழ்கிவிடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களையும் ஆறு விட்டுவைத்ததில்லை. ஊர்க்காரர் “இங்கே இறங்கலாம்” என்று காட்டுகிற இடத்தில், முழங்கால் வரைக்கும் போதும்.

போகும்போது ஒரு வேலையும் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற ஒவ்வொரு படித்துறையிலும் பெயர் வெட்டிய கல் இருக்கிறதா என்று தேடி ஒரு போட்டோ. கடைசிப் படியின் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி இன்னொரு போட்டோ. எங்களிடம் பதினொரு துறை சேர்ந்திருக்கிறது. அதில் நாலில்தான் தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கபிஸ்தலத்துக்குக் கிழக்கே ஒன்றுகூட நாங்கள் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் உங்களுக்கு.

செமஸ்டர் லீவில் தண்ணீர் இருக்கும், சம்பாவும் பழுத்திருக்கும். ஜனவரி 28-க்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கிட் மறக்க வேண்டாம், கரையோரம் பூரா கருவேல முள்!